அடியாத மாடு படியாதா?

போர் முடிந்தபின் பல ஆண்டுகள் வரை, வன்னி நிலத்தின் பல பகுதிகளை மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளே காவல் காத்து நின்றன. அப்பலகைகளுக்கு அப்பால் மிதிவெடி தேடுவோர் வேலை செய்தார்கள். பெரும்பாலும் மனிதரின் கைகளே அவ்வேலையைச் செய்தன. உலோகம் காட்டும் கருவியோடும், குப்பை வாரியைப் போன்ற நீண்ட பற்களுள்ள கருவியோடும் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர்களுள், போரில் கணவனை இழந்த பெண்களும் பலர். சில இடங்களில் நாயும் துணைக்கு வந்தது. இலங்கை இராணுவத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு, வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழகிய நாய்களையும் இப்பணியில் ஈடுபடுத்தி வந்திருக்கிறது.

அந்த நாய் வேலை செய்யும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீண்ட கயிற்றின் ஒரு முனையில் நாய், மறுமுனையில் மனிதன். நாய் முன்னே செல்கிறது. மூக்கை மண்ணருகே வைத்து, வகுத்துவிட்ட பாதையில் மெல்ல நகர்கிறது. திடீரென ஓரிடத்தில் உட்கார்ந்து கொள்கிறது. மனிதன் அந்த இடத்தைக் குறித்துக் கொள்கிறான். அதற்கப்பால் ஓரடியும் எடுத்து வையான். கயிறு மனிதனின் கையில் இருக்கிறது. முடிவோ நாயின் மூக்கில் இருக்கிறது. அப்படியானால் இங்கே யார் யாருக்குக் கீழ்ப்படிகிறார்?

விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வியின் அடியில் ஒரு பெரிய அறப்பிரச்சினை கிடக்கிறது. கீழ்ப்படிதல் என்பது நற்குணமா? நற்குணமெனில் எத்தகைய கீழ்ப்படிதல்? வீட்டிலும் வகுப்பறையிலும் வேலைத்தலத்திலும் நாம் பிறரிடம் எதிர்பார்ப்பது எதனை?

நமது சமூகம் இக்கேள்விக்கு நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரு விடையைச் சொல்லி வைத்திருக்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்பது அந்த விடை. ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவான்’ என்பது அதன் துணைவிடை. இவற்றோடு நாயைப் பற்றிய ஒரு புகழுரையும் உண்டு. தன்னைக் காயப்படுத்தியவனைக் கண்டும் வாலாட்டும் நாயின் உறவை நாலடியார் மேலானதாகப் போற்றுகிறது. அந்நூல் பேசியது நட்பைப் பற்றி. நண்பர்களுக்கிடையே பிழை பொறுக்கும் பெருந்தன்மையைப் பற்றி. ஆனால் காலப்போக்கில் அந்த உவமை நண்பர்களை விட்டு நீங்கி, ஆண்டானுக்கும் அடிமைக்கும் இடையே போய் நின்று கொண்டது. ‘நாய்போல நன்றியுள்ளவன்’ என்று ஒருவனைப் புகழ்ந்தவர் யார், புகழப்பட்டவர் யார் என்று பார்த்தால் உண்மை விளங்கும். நிலவுடைமையாளர் குடிமகனைப் புகழ்ந்தார்; தோட்டத்துக் கங்காணி தொழிலாளியைப் புகழ்ந்தார். 1958 ஆம், 1977 ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு திருத்திய குடும்பங்களின் முதியவர்களுக்கு அந்தப் புகழ்ச்சியின் விலை தெரியும். நன்றி கெட்டவன் என்ற வசை, கூலி உயர்வு கேட்டவன்மீதே பெரும்பாலும் வீசப்பட்டது. அதே வாய்கள் கோபம் வந்த நேரத்தில் ‘நாயே’ என்று ஏசவும் தயங்கியதில்லை. புகழ்ச்சிக்கும் வசைக்கும் ஒரே விலங்கு போதுமாயிருந்தது.

உண்மையான நாயோ இந்தப் புகழுக்கும் வசைக்கும் அப்பால் நிற்கிறது. வன்னிக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு இது புதிய செய்தியன்று. விறகுக்கோ தேனுக்கோ காட்டுக்குள் போகிறவனுக்கு முன்னால் அவனுடைய நாய் நடக்கும். கரடியின் வாடையை முதலில் அறிவது அதுவே. நாய் நின்று உறுமினால் மனிதனும் நிற்பான். ‘நான் எசமான், நீ நாய், நட முன்னே’ என்று அவன் வற்புறுத்துவானாயின், அன்றைக்கு அவன் வீடு திரும்புவது ஐயமே. வயற்காவலிலும் இப்படியே. காட்டுப்பன்றி வேலியருகே வந்ததை இரவில் நாய் சொல்லும். மனிதன் எழுந்து போவான். காட்டு வாழ்க்கை கற்றுக்கொடுத்த உறவு இது. இதில் கட்டளை உண்டு. ஆனால் அது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதன்று.

நாயைப் பழக்குதல் ஒரு முறையான கலையாக வளர்ந்த வரலாற்றிலும் இவ்விரு நோக்குகளின் மோதலைக் காணலாம். ஜேர்மனியில் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்றாட் மோஸ்ற் என்பவர் 1910 இல் ஒரு பயிற்சி நூலை வெளியிட்டார். எசமானின் மேலாண்மையும், பிழைக்குக் கட்டாயமாகத் தண்டனையும் அம்முறையின் அடித்தளங்கள். உலகப் போர்களில் நாய்களைப் பழக்கியவர்கள் இவ்வழியைப் பெரிதும் பின்பற்றினர். 1933 இல் நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில், ஹெலன் வைற்ஹவுஸ் வோக்கர் என்ற பெண்மணி, நாய்களுக்கான கீழ்ப்படிதற் பரீட்சை ஒன்றை நடத்தினார். தாம் வளர்த்த பூடில் இன நாய்களை வெறும் அலங்காரப் பொம்மைகள் என்று பிறர் எள்ளியதற்கு அவர் அளித்த விடை அது. 1936 இல் அமெரிக்கன் கெனல் கிளப் அப்போட்டிகளைத் தனது விதிகளுக்குள் ஏற்றுக்கொண்டது. அப்போட்டியில் ஒவ்வொரு அசைவுக்கும் நடுவரின் கட்டளை உண்டு. நாயை நடத்துபவர் வாய்திறந்து ஊக்கம் சொல்லுதல் பெரும்பாலும் குற்றம். மௌனமும் துல்லியமுமே அங்கு மதிப்புப் பெற்றன.

பின்னர் சாள்ஸ் கிறேமர் என்பவர் வேறொரு போட்டி முறையை உருவாக்கினார். மோட்டார் வாகன றலிகளில் வழிக்குறிகளைப் பார்த்துச் செல்வதைப்போல, இங்கும் நாயோடு வழிக்குறிகளைப் பார்த்துச் செல்ல வேண்டும். ஆகவே அதற்கு றலி என்றே பெயர் வந்தது. 2005 ஜனவரி முதல் அமெரிக்கன் கெனல் கிளப் அதற்குப் பட்டங்கள் வழங்குகிறது. மைதானத்தில் எண்ணிட்ட அட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். பத்து முதல் இருபது வரை இருக்கலாம். ‘நில், உட்கார்’ என்று ஓர் அட்டை. ‘வலப்புறம் திரும்பு’ என்று மற்றொன்று. ‘மெதுவாக நட’, ‘விரைந்து நட’, ‘முழு வட்டம் சுற்று’ என்று வேறு சில. தொடங்குமாறு நடுவர் ஒருமுறை சொன்னபின், அந்த இருவரும் தம் போக்கில் போகலாம். நாயோடு பேசலாம், சொன்னதைத் திரும்பச் சொல்லலாம், தட்டிக் கொடுப்பதுபோல் குரலால் தட்டிக் கொடுக்கலாம். ஆனால் நாயைக் கையால் பிடித்துத் திருப்பலாகாது. நூறு புள்ளிகளோடு தொடங்கி, பிழைக்கேற்பக் குறைத்து, எழுபதுக்குக் குறையாமல் எஞ்சினால் தேர்ச்சி. புதிதாக வருகிறவர்கள் கயிற்றோடு நடக்கலாம். மேல்வகுப்புகளில் கயிறும் இல்லை.

இவ்விதிகளுள் ஒன்று என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. கயிறு இறுகினால் புள்ளி குறைக்கப்படும். கயிற்றை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதனை இழுக்க அனுமதி இல்லை. இழுத்தவன் தன் தோல்வியைத் தானே காட்டிக்கொடுத்தவனாகிறான். கல்வியைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ கொழுத்த நூல்கள் சொல்லத் தவறிய ஓர் உண்மையை, இந்த விளையாட்டு விதி ஒரே வரியில் சொல்லிவிடுகிறது.

இதனைத் தொடங்குவதற்குப் பணமோ உயர்சாதி நாயோ வேண்டியதில்லை. இனக்கலப்பு நாய்களைப் போட்டிக்கு வெளியே நிறுத்தியிருந்த அக்கழகமே 2010 இல் தன் கதவைத் திறந்து, அவற்றையும் சேர்த்துக்கொண்டது. பிறப்புச் சான்றிதழ் கேட்ட ஒரு நிறுவனம் திறமையைக் கேட்கத் தொடங்கிய கதை, சாதிக் கணக்குப் பார்க்கும் நம்மவர்களும் கேட்க வேண்டிய கதையே. கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ ஒரு பாடசாலை மாணவன், விசர்நாய்த் தடுப்பூசி போட்ட தன் வீட்டு நாயோடு, பத்துக் கடதாசி மட்டைகளையும் ஒரு கயிற்றையும் கொண்டு வெறும் வளவில் தொடங்கலாம்.

முதலில் நாயின் பெயரைச் சொல்ல வேண்டும். அது திரும்பிப் பார்த்த கணத்திலேயே ஓர் அவித்த மீன் துண்டைக் கொடுக்க வேண்டும். சில நாட்களில் பெயர் கேட்டதும் முகம் பார்க்கப் பழகிவிடும். அடுத்து, மீன் துண்டை மூக்குக்கு மேலே மெல்ல உயர்த்தினால் தலை நிமிர, பின்பகுதி தாழும், அது உட்காருதல். உட்கார்ந்தபின் சொல்லைச் சேர்க்க வேண்டும்; சொல்லை முன்னே சொல்லிக் கையால் அமுக்குவது வீண். பின்னர் இடப்பக்கத்தில் இரண்டு அடி நடை. கயிறு தளர்ந்திருந்தால் பரிசு. இறுகினால் நாமே நின்றுவிடுவது. இரண்டடி பத்தடியாகும், பத்தடி ஒரு சுற்றாகும், அதன் பிறகே மட்டைகளை ஊன்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். நாய் சலிப்பதற்கு முன் நிறுத்துபவனே நல்ல ஆசான். நாய் பிழை செய்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் எதனைத் தெளிவாகச் சொல்லவில்லை?’ என்பதே.

இங்கே இரண்டு ஆட்சேபனைகள் எழும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது: காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்த மண் இது. இந்த மண்ணில் நாய் விளையாட்டைப் பற்றிப் பேசுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கல்லவா? இவ்வினாவை எழுப்புகிறவரின் கோபத்தை நான் மதிக்கிறேன். சீமான்களின் கழகங்களில் நாய் பட்டும் பதக்கமும் அணிந்து வருவதையும், அதே ஊரில் குழந்தை பசியோடு கிடப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆனால் நாம் இங்கு பேசுவது பதக்கத்தைப் பற்றியன்று, கட்டளையைப் பற்றி. அந்தத் தாய்மாரின் துயரத்துக்கும் கட்டளைக்கும் தொடர்பில்லையென்று யார் சொல்ல முடியும்? ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை, இறுதிப் போரில் மக்கள் திரண்டிருந்த இடங்களில் விழுந்த அரச படைகளின் எறிகணைகளைப் பற்றியும் பேசியது. விடுதலைப் புலிகள் சிறுவரைப் பலவந்தமாகப் படையில் சேர்த்ததையும், மக்களை வெளியேற விடாது தடுத்ததையும் பற்றியும் பேசியது. இச்செயல்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் கட்டளையிட்ட ஒருவரும் கீழ்ப்படிந்த பலரும் இருந்தனர்.

மிதிவெடியையே எடுத்துக்கொள்வோம். இரு தரப்பினரும் அவற்றைப் புதைத்தார்கள். அதைப்போலக் கீழ்ப்படிவுள்ள பொருள் உலகில் வேறொன்றில்லை. வைத்த இடத்தில் கிடக்கும். மிதித்தவர் படைவீரரா, மாடு தேடி வந்த சிறுவனா என்று கேளாது. 2009 மே மாதத்தில் போர் முடிந்துவிட்டது என்று சொன்னாலும் அதற்குக் கேளாது. இலங்கை 2017 திசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தை முழுதும் துப்புரவாக்க 2028 யூன் வரை தவணை பெற்றது. ஒரு தலைமுறை கேள்வி கேளாமல் புதைத்ததை, அடுத்த தலைமுறை முழங்காலில் இருந்து அகழ வேண்டியிருந்தது. கேள்வியற்ற கீழ்ப்படிதலின் முழுவடிவம் அதுவே.

மனித மனம் இதில் எவ்வளவு பலவீனமானது என்பதை 1961 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிறம் சோதித்துப் பார்த்தார். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்குமாறு கட்டளையிடப்பட்ட நாற்பது பேரில் இருபத்தாறு பேர், அவர் அலறுவதாக நம்பியபோதும், இறுதி அளவாகிய 450 வோல்ற்று வரை சென்றனர். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. கீழ்ப்படிதல் மட்டும் உண்மையாயிருந்தது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நல்ல பிள்ளைகளாக வளர்க்கப்பட்டவர்கள்.

இரண்டாவது ஆட்சேபனை இன்னும் கூர்மையானது. பிரம்பை எடுத்துவிட்டு மீன் துண்டைக் கொடுத்தால் அடிமைத்தனம் ஒழிந்துவிடுமா? இனிப்பூட்டிய சங்கிலியும் சங்கிலிதானே? முதலாளியும் சவுக்கைக் கைவிட்டுச் சம்பளத்தால் ஆள்கிறானே? இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பரிசு மட்டும் விடுதலையாகாது. ஆகவே ஓர் உறவை அளக்க வேறொரு உரைகல் வேண்டும். பழகியவன் ‘இல்லை’ என்று சொன்னால், அது கேட்கப்படுகிறதா என்பதே அந்த உரைகல்.

முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பாடசாலை தொடங்கியது. அத்தகைய நாய்க்குக் கற்பிக்கப்படும் மிக உயர்ந்த பாடம், கீழ்ப்படியாமை. வாகனம் வரும்போது கண்ணற்றவர் ‘நட’ என்று சொன்னால், நாய் நடக்கலாகாது. கட்டளையின் சொல்லை மீறிக் கட்டளையின் நோக்கத்தைக் காக்க வேண்டும். அடித்துப் பழக்கிய நாயால் இது இயலாது. ஏனெனில் அதன் கவனம் முழுவதும் தெருவில் இல்லை, எசமானின் கையில் இருக்கிறது.

மிதிவெடி தேடும் நாயிடம் இவ்வுண்மை இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. எசமானை மகிழ்விக்க விரும்பும் நாய், எசமான் எதிர்பார்க்கும் இடத்தில் உட்காரும். கலிபோர்ணியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைக் காட்டியது. மோப்ப நாய்களும் அவற்றை நடத்துவோருமாகப் பதினெட்டுச் சோடிகளை ஒரு கட்டடத்துக்குள் அனுப்பினர். சில இடங்களில் மணம் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாக மனிதருக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் எங்கும் எதுவும் இல்லை. ஆயினும் இருநூறுக்கு மேற்பட்ட தடவை ‘கண்டுபிடித்ததாக’ அறிவிப்பு வந்தது. அதிலும் மனிதர் நம்பிய இடங்களில் அதிகம். எசமானின் நம்பிக்கை அவரைத் தாண்டி நாய்வரை சென்றுவிட்டது. சோதனைக் கூடத்தில் இது பிழை. புதைகுழி நிலத்தில் இது மரணம். இல்லாததை உண்டு என்றால் காலம் வீணாகும்; உள்ளதை இல்லை என்றால் கால் போகும். ஆகவேதான் ஒரே நிலத்தை இரண்டு நாய்களைக் கொண்டு தனித்தனியே தேடுவிப்பது வழக்கமாயிற்று. முகம் பார்த்து நடவாத நாயே அங்கு தேவைப்படுகிறது. அஞ்சுகிறவன் உண்மை சொல்லான். மகிழ்விக்க மட்டும் விரும்புகிறவனும் உண்மை சொல்லான்.

இந்த வாக்கியத்தை நமது வகுப்பறைக்குள் கொண்டு செல்வோம். ‘விளங்கிற்றா?’ என்று ஆசிரியர் கேட்கிறார். நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் அசைகின்றன. அவற்றுள் எத்தனை தலைகள் விளங்கியதால் அசைந்தன, எத்தனை தலைகள் மேசைமேல் கிடந்த பிரம்பால் அசைந்தன? பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்யும் சுற்றறிக்கை 2016 இல் வெளிவந்தது. ஆசிரியர் ஒருவரின் அறையால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனுக்கு நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. சட்டம் பேசிவிட்டது. ஆனால் பழமொழி சட்டத்திலும் பழையது. அது நமது கைகளில் குடியிருக்கிறது. போரைக் கண்ட பிள்ளைகளும், போரைக் கண்ட பெற்றோரின் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஓங்கிய கை என்ன பொருளைத் தரும் என்று வன்னி ஆசிரியர் ஒருவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடியாத மாடு படியாமற் போகலாம்; அடித்த மாடோ ஏர் பிடித்தவனுக்கு வழியில் கிடக்கும் பள்ளத்தைச் சொல்லாது.

இறுதியாக ஒன்று. நம்பிக்கையைக் கொண்டு பழக்குகிறவன் ஒரு கடனை ஏற்கிறான். 1957 நவம்பர் 3 ஆம் திகதி சோவியத் நாடு லைக்கா என்ற நாயை விண்ணுக்கு அனுப்பியது. மொஸ்கோ தெருவில் திரிந்த நாய் அது. நம்பிக்கையோடு பயிற்சி பெற்றது. திரும்பி வரும் வழி அந்தக் கலத்துக்கு வகுக்கப்படவில்லை. சில மணி நேரத்திலேயே வெப்பம் மிகுந்து இறந்தது என்பது 2002 இல் தான் வெளிப்பட்டது. அப்பணியில் பங்கேற்ற விஞ்ஞானி ஒலெக் கசென்கோ, 1998 இல், அம்மரணத்தை நியாயப்படுத்துமளவுக்கு அதிலிருந்து தாம் எதனையும் கற்றுவிடவில்லை என்று மனம் வருந்தினார். விண்வெளியைத் திறந்த அந்தச் சாதனையை நாம் போற்றுகிறோம். அதனாலேயே இந்தக் கணக்கையும் மறைக்கலாகாது. நம்மவர் செய்தது என்பதற்காக ஒரு நம்பிக்கைத் துரோகம் வேறு பெயர் பெறுவதில்லை. சுவர்க்கத்தின் வாசலிலே, தன்னோடு வந்த நாயை விட்டு உள்ளே வரமாட்டேன் என்று தருமன் நின்றதாகப் பாரதக் கதை சொல்கிறது. 2008 இலும் 2009 இலும் வன்னி மக்கள் ஊர் ஊராக ஓடியபோது எத்தனையோ வீட்டு வாசல்களில் நாய்கள் காத்துக் கிடந்தன. குழந்தையைச் சுமப்பதா, நாயை அழைப்பதா என்ற நிலையில் அவர்கள்மீது பழி சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்நிலையை உண்டாக்கியவர்கள் மீதே பழி.

கட்டளையே இல்லாத உலகம் எதனையும் நான் கனவு காணவில்லை. நாற்று நடவும் நோயாளியைக் காக்கவும் வேலைநிறுத்தம் நடத்தவும் ஒழுங்கு வேண்டும். ஆனால் கட்டளையிடுகிறவன் தன் கையிலுள்ள கயிறு இறுகிவிட்டதா என்று ஒவ்வொரு அடியிலும் பார்க்கக் கடமைப்பட்டவன். இறுகியிருந்தால் பிழை முதலில் அவனுடையது. நமது பிள்ளைகள் உட்காரச் சொன்னால் உட்காரப் பழகட்டும். உட்காரக்கூடாத இடத்தில் உட்கார மறுக்கவும் பழகட்டும். அந்த மறுப்பைக் கேட்டு நிற்க நாமும் பழக வேண்டும். வன்னிக் காட்டு வழியில் நாய் உறுமியதும் நின்ற அந்த ஏழைக் கமக்காரன், எந்த நூலும் படியாமலே இதனைச் செய்து காட்டியிருக்கிறான்.